எந்திரிக்கிற வண்டி

வாங்க தம்பி, வாங்க. கேட்டைச் சாத்தாதீங்க, தொறந்தே கெடக்கட்டும். போன்ல பேசுனது நீங்கதானுங்களே? கோயமுத்தூரு? நல்லதுங்க. அந்தச் சேரைத் தொடச்சுட்டு உக்காருங்க, தூசி இருக்கும். வீட்ல பொம்பளையாளு இல்லீங்க. வந்தவங்களுக்கு ஒரு காப்பி குடுக்கக்கூட எனக்கு வக்கில்லாமப் போச்சு. பாலு இருக்குது. எம் பொண்டாட்டி தூளை எங்க வெச்சிருக்காளோ தெரியலை.

அதா, வேப்பமரத்துக்குக் கீழ நிக்குது பாருங்க, அதுதான். கிட்டப் போகாதீங்க, சித்தெ நேரம் இருங்க. இப்ப அது உக்காந்திருக்குது. உக்காந்திருக்கறப்பப் பாத்தா அதோட கெத்து உங்களுக்குத் தெரியாது. எந்திரிச்சப்பறம் பாக்கோணும். நானே எழுப்பிக் காட்டறேன். அதுக்கு முன்னால ரண்டு வார்த்தை பேசிக்கலாமுங்க.

உங்ககிட்ட மறைக்கறதுக்கு எங்கிட்ட ஒண்ணுமில்லை தம்பி. இந்த வண்டி இன்னிக்குப் பொழுதோட வித்தாகோணும். நாளைக்கு இல்லீங்க, இன்னிக்கு. பொழுதோட எம் மச்சினன் அர்த்தநாரி டெம்போ எடுத்துட்டு வர்றான். எம் பொண்டாட்டிக்குக் கூடப்பொறந்த தம்பி. அவளோட பீரோ, தையல் மிஷினு, பொறந்த வீட்ல குடுத்த பித்தளை அண்டா, கட்டுத்தறில நிக்கற ரண்டு மாடு, எல்லாத்தையும் ஏத்திட்டுப் போகப் போறான். பீரோ போனா மறுக்கா வரும், அண்டா போனா வரும். மாடு ரண்டும் இந்த வாசலைத் தாண்டிப் போச்சுன்னா சம்பூரணம் இந்த வீட்டை மிதிக்கமாட்டா. கட்டிக்கிட்டு இத்தனை வருசத்துல எனக்கு அவளைத் தெரியாதுங்களா?

அவ சொன்னது ஒரே ஒரு வார்த்தைதான். "அந்த வண்டி அந்த வாசல்ல நிக்கற வரைக்கும் நான் அங்க வரமாட்டேன்." அவ்வளவுதான் சொன்னா. கத்தலை, அழுவலை. அதுதான் எனக்குப் பயம். கத்தியிருந்தா நானும் பதிலுக்குக் கத்திட்டு அத்தோட விட்டிருப்பேன்.

ஆமாங்க, நீங்க கேட்டது சரி. ஒரு வண்டிக்காகவான்னு கேக்கறீங்க. ஊரே அப்படித்தான் கேக்குது. வண்டியில ஒரு தப்பும் இல்லீங்க, மொதல்ல அதைச் சொல்லிர்றேன். வாங்கறவருகிட்டச் சொல்லோணுமல்ல.

எனக்குத் தொழிலு ரிக்கு. போர் போடற லாரி. திருச்செங்கோட்டுக்காரன் வேறென்ன தொழில் பண்ணுவான்? வருசத்துல பாதி நாளு வடக்கதான் கெடப்பேன். ராஜஸ்தான்ல ஒரு பெரிய மனுசனோட பண்ணைக்குப் போர் போடப் போயிருந்தப்பதான் இதைப் பாத்தேன். மாட்டுக் கொட்டாயில நிக்குது. கூரையில இருந்து கோழி எறங்கி மேல உக்காந்திருக்குது. அந்த வீட்டுப் பையன் இதே கம்பெனில புதுசா வந்ததை ஓட்டறான், கண்ணாடியாட்டப் பளபளன்னு. எனக்கு அதும்மேல கண்ணே போகலை. இதும்மேலதான் போச்சு. மூஞ்சில இருக்கற சின்னத்தைப் பாருங்க, பேரை நான் சொல்லோணும்னு இல்லை. இந்த மாடல்ல அவங்க மொத மொதல்ல விட்ட வண்டி இது. பர்ஸ்ட் ஜெனரேஷன். அதுக்கப்பறம் எத்தனையோ வந்திருச்சு, எல்லாம் இதைப் பாத்துப் போட்டதுதான்.

அதுக்கு முன்னால காட்டுல மேட்டுல போறதுன்னா ஜீப்புதானுங்களே. ஊரு போய்ச் சேர்றதுக்குள்ள எலும்பை எண்ணிரலாம். மேடு பள்ளத்துலயும் போகோணும், உள்ள மெத்தையில உக்காந்த மாதிரியும் இருக்கோணும்னு நெனச்சுப் பண்ணுன வண்டி. மொத மொதல்ல பண்றவனுக்கு எங்க தப்பு வரும்னு தெரியாதல்லங்க? அதனால பயப்படாம எல்லாத்தையும் போட்டிருக்கறான். உள்ள மரம். நெசமான மரமுங்க, தட்டிப் பாருங்க. பின்னால வந்தவனுக எல்லாம் கணக்குப் பாத்துப் பாத்துப் பண்ணுனானுக.

அதுல பெரிய விசயம் என்னன்னா, இதுக்கு ஸ்பிரிங் கெடையாது. நாலு சக்கரத்துக்கும் மேல நாலு காத்துப் பை. காத்துலதான் வண்டி நிக்குது. மேட்டுக்குப் போறப்ப எந்திரிச்சுக்கும். வேகமாப் போறப்பத் தாழ்ந்துக்கும். நீங்க வந்து நின்னீங்கன்னா ஏறறதுக்கு வாகா குனிஞ்சு குடுக்கும். ஒரு வண்டி மனுசனுக்குக் குனியறதை நான் அதுக்கு முன்னால பாத்ததில்லை. எங்கப்பன் சைக்கிள் மிதிச்சே செத்துப்போனாருங்க. எங்க குடும்பத்துல நாலு சக்கரத்துல ஏறுன மொத ஆளு நான்தான். அந்தக் கொட்டாயில நின்னுட்டு நெனச்சேன், இது நம்ம வாசல்ல வந்து குனியோணும்னு.

காத்துப் பை ஒழுகும்னு எல்லாரும் சொன்னாங்க. ஒழுகட்டுமேன்னேன். எனக்குக் காத்தைப் பத்திச் சொல்லித் தர்றாங்களா? ரிக்குன்னா என்னங்க? முழுக்க முழுக்கக் காத்துதானுங்க. கம்ப்ரசர் குடுக்கற காத்துலதான் பாறை ஒடையுது. பாறையை ஒடைக்கற காத்தைக் கையில வெச்சிருக்கறவனுக்கு ஒரு காரைத் தூக்கத் தெரியாதா?

தெரியுமுங்க. நல்லாவே தெரியும். ஆனா இது ஒரு மாதிரி. நாலு நாளு எடுக்காம விட்டா உக்காந்துக்கும். அப்பறம் எந்திரிக்கறதுக்கு அதுக்கா மனசு வரோணும். சம்பூரணம் சொல்லுவா, "எம் மாமியாளாட்ட இருக்குதுங்க, உக்காந்த எடத்துல இருந்து எந்திரிக்கவே மாட்டேங்குது"ன்னு. எங்கம்மா போய்ச் சேர்ந்து வெகுநாளாச்சு, இன்னும் அவளை விடமாட்டா. நானும் சிரிப்பேன். அப்பெல்லாம் சிரிச்சுட்டுத்தான் இருந்தோமுங்க.

எடுத்துட்டு வந்து மொத பண்டிகை நோம்பிக்கு மாமனாரு ஊட்டுக்குப் போனோம். ஊதியூருக்குப் பக்கத்துல தோட்டம் அவங்களுக்கு. அன்னிக்கு வண்டி நல்லாப் போச்சுங்க, ஆனா தோட்டத்துத் தடம் குண்டும் குழியுமா இருந்ததுல ரோட்டோரமே நிறுத்திட்டு நடந்து போனோம். வாசலுக்குப் போகலை. மாமனாரு வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு ரோட்டுக்கே வந்து பாத்தாரு. ஒரு சுத்துச் சுத்தி வந்தாரு. நான் எழுப்பிக் காட்டுனேன். அது மெதுவாத்தான் எந்திரிக்கும். அவரு பாத்துட்டே இருந்துட்டு, "ஏன் மாப்ள, இது எந்திரிக்கறதுக்குள்ள நான் கடைக்கு நடந்தே போய்ப் பொயலை வாங்கிட்டு வந்துருவனே"ன்னாரு. எல்லாரும் கெக்கெக்கேன்னு சிரிச்சாங்க. அர்த்தநாரி வேற, "மாமா, பேசாம ஸ்பிரிங் போட்டுருங்க, ஈரோட்டுல அரை நாள்ல மாட்டிக் குடுத்துருவாங்க"ன்னான்.

ஸ்பிரிங் போட்டா அது ஜீப்பு, தம்பி. அப்பறம் எதுக்கு இது?

மாமனாரு கேலி பண்ணுனதை நான் தப்பா எடுத்துக்கலை. ஆசை இருக்கறவன்தான் கேலி பண்ணுவான். அவருக்கு இதுல ஒருக்கா ஏறோணும்னு ஆசை. வாய் விட்டுக் கேக்கலை. நான் மனசுல முடிவு பண்ணிட்டேன், அடுத்த தடவை தடத்தைத் தாண்டி, அவரு வாசல்லயே கொண்டு போய் நிறுத்தி, குனிய வெச்சு, அவரை ஏத்தறதுன்னு.

அடுத்த தடவை போறதுக்குள்ள அவரு போயிட்டாருங்க.

சித்திரை மாசம். வெடியால போன் வந்துச்சு. தூக்கத்துலயே போயிருக்கறாரு, நல்ல சாவு. சம்பூரணம் அப்படியே அடுப்படில உக்காந்துட்டா. அப்பறம் எந்திரிச்சு மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு, தலைக்கு ஊத்திட்டு வந்து, "ஏனுங்க, ஈரோடு போய் தாராபுரம் பஸ்ஸைப் புடிச்சா மத்தியானத்துக்குள்ள போயிரலாமுங்க"ன்னா. எனக்குச் சுருக்குன்னுது. மூத்த மாப்பிள்ளைங்க நானு. ஊரே பந்தல்ல உக்காந்திருக்கறப்ப, கையில கோடித்துணிய வெச்சுக்கிட்டு பஸ்ஸை விட்டு எறங்கி, வேர்த்து ஒழுகிட்டு நடந்து போறதா? எஞ் சகலை கார்ல வந்து எறங்குவான். அவன் சின்ன மாப்பிள்ளை. நீங்களே சொல்லுங்க.

நான் அப்பத்தான் வடக்க இருந்து வந்திருந்தேன். வண்டி நல்லா உக்காந்திருந்துது. எழுப்பறதுக்குக் கொஞ்ச நேரம் புடிச்சுது. இதுல இருக்கற சின்ன பம்பு பத்தலை, அதனால ஷெட்டுல இருந்து கம்ப்ரசர் ஓஸ் பைப்பை இழுத்துட்டு வந்து காத்துக் குடுத்தேன். வெய்யலு ஏறிருச்சு. சம்பூரணம் சீலை கட்டி, வாய்க்கரிசிக்கு நம்மூட்டு அரிசிய முந்தானையில முடிஞ்சுக்கிட்டு, அதா அந்தப் படியில உக்காந்திருந்தா. வண்டி எந்திரிச்சுது. நான் தட்டிக் குடுத்தேன். "வா போலாம்"னேன். ராசா மாதிரி கெளம்புனோமுங்க.

உங்களுக்குத் தெரியுமல்லங்க, எங்க பக்கம் பொம்பளையாளுக சுடுகாட்டுக்கு வர்றதில்லை. மக வந்து வாசல்லயே வாய்க்கரிசி போடோணும். வாசலை விட்டு எடுத்துட்டா அவ்வளவுதான், அப்பறம் மூஞ்சியப் பாக்க முடியாது. அது எனக்கும் தெரியும். தெரியாமயா கெளம்புனேன்?

அரச்சலூரு தாண்டுனதும் மஞ்ச லைட்டு எரிஞ்சுது. பின்பக்கம் இடது கைப் பக்கமாச் சாஞ்சுது. அப்பறம் முன்பக்கமும் எறங்கிருச்சு. டயரு மேல பாடி உக்காந்துருச்சுங்க, தள்ளவும் முடியாது, இழுக்கவும் முடியாது. அக்கட்ட இக்கட்ட ஒரு மரமில்லை. நான் எறங்கி பானெட்டைத் தொறந்தேன். பம்பு சூடாயிருந்துது, அவ்வளவுதான். சூடு ஆறுனா எந்திரிச்சுரும். எனக்கு அது தெரியுமல்லங்க? அர்த்தநாரிக்குப் போன் பண்ணி, "காங்கயம் தாண்டிட்டோம், வந்துட்டே இருக்கறோம்"னேன். ஆமா, தாண்டலைதான். எழவு வீட்ல வண்டி நின்னுபோச்சுன்னு சொல்லச் சொல்றீங்களா? அந்த ஊர்ல ஏற்கனவே சிரிச்சிருக்கறாங்க.

பம்பு ஆறுனதும் ஓட விட்டேன். இப்ப ஒண்ணு சொல்றேன், வாங்கற ஆளு நீங்க தெரிஞ்சு வெச்சுக்கோணும். இது எந்திரிக்கறப்ப கதவு தொறந்திருக்கக் கூடாது. ஒரு கதவு தொறந்தாலும் யாரோ எறங்கறாங்கன்னு நெனச்சு அப்படியே நின்னுக்கும். மறுக்கா மொதல்ல இருந்து ஆரம்பிக்கோணும். நல்லதுக்குத்தான் அப்படி வெச்சிருக்கறான். எறங்கறவங்க கால் மேல வண்டி ஏறிரக் கூடாதல்ல. அதனால சம்பூரணத்தை உள்ளயே உக்காரச் சொல்லிட்டு, நானும் ஏறிக் கதவைச் சாத்திக்கிட்டேன். வண்டி எந்திரிக்க ஆரம்பிச்சுது. இம்மி இம்மியா.

அப்பப் பாத்து தாராபுரம் பஸ் வருது.

அவ பின்னால திரும்பிப் பாத்தா. "ஏனுங்க, பஸ் வருதுங்க. நான் இதுல போறனுங்க. நீங்க வண்டிய சரி பண்ணிட்டு மெதுவா வாங்க"ன்னா. கை கதவுப் புடியில இருக்குது. "கதவத் தொறந்துறாத புள்ளெ, எந்திரிச்சுட்டு இருக்குது"ன்னேன். பஸ்ஸுக்காரன் நல்லவன், கார் நிக்கறதைப் பாத்து அவனா மெதுவாக்குனான். எங்களுக்குப் பக்கத்துல நின்னே போச்சு. சன்னலோரத்துல அவளோட ஈரோட்டுச் சித்தி உக்காந்திருக்குது. அந்தம்மாவும் எழவுக்குத்தான் போகுது. கையைக் கையைக் காட்டி எறங்கி வா வான்னு கூப்பிடுது. சம்பூரணம் எம் மூஞ்சியப் பாக்கறா. "இன்னும் சித்த நேரந்தான் புள்ளெ, இப்பத் தொறந்தா எல்லாம் போச்சு"ன்னு கெஞ்சுனேன். அதட்டலை, நல்லாத் தெரிஞ்சுக்குங்க, கெஞ்சுனேன்.

அவ தொறக்கலீங்க. எம் பேச்சைத் தட்டி அவளுக்குப் பழக்கமில்லை. அவ்வளவு நல்லவ. பஸ் போயிருச்சு.

பஸ்ஸு வளைவுல மறையுது, வண்டி எந்திரிச்சு நின்னுச்சு. நாலு சக்கரமும் சமமா. எனக்கு வந்த சந்தோசத்தைச் சொல்ல முடியாது. "பாத்தியா? நான் சொன்னனல்ல?"ன்னேன். அவ ரோட்டையே பாத்துட்டு இருந்தா.

காங்கயம் போறதுக்குள்ள மறுக்கா உக்காந்துருச்சு. இந்தத் தடவை எந்திரிக்கவே இல்லை. அர்த்தநாரி போன் மேல போன். நான் வந்துட்டோம் வந்துட்டோம்னுதான் சொல்லிட்டு இருந்தேன். அவ பேசறேன்னு கையை நீட்டுனா, நான் குடுக்கலை, அழுதுருவான்னு. கடைசியில முட்டை ஏத்திட்டுப் போன ஒரு வேனை நிறுத்தி அதுல ஏறிப் போனோம். கோடித்துணிய மடியில வெச்சுக்கிட்டு, முட்டை அட்டைக்கு நடுவுல. எந்தக் கோலத்துல போகக் கூடாதுன்னு நெனச்சனோ அதைவிடக் கேவலமாப் போனேன்.

போய்ச் சேர்றப்ப பொழுது எறங்கிருச்சு. பந்தல் இருக்குது, ஆளில்லை. பொம்பளைக நாலு பேரு வீடு கழுவிட்டு இருக்கறாங்க. தண்ணி வாசல்ல ஓடுது. எடுத்துட்டாங்க.

சம்பூரணம் அந்த ஈர வாசல்ல நின்னா. முந்தானை முடிச்சை அவுத்து அரிசியக் கையில எடுத்தா. எடுத்துட்டு, அப்பறம் அதை என்ன பண்றதுன்னு தெரியாம நின்னுட்டு இருந்தா. ரொம்ப நேரம் நின்னா. யாரும் அவளைத் தொடலை. எனக்கு அதைப் பாக்க முடியலீங்க. நான் கோடித்துணிய பந்தக்கால்ல வெச்சுட்டு வெளிய போய் நின்னுக்கிட்டேன்.

இப்பச் சொல்லுங்க, யாரு மேல தப்பு? நான் சொல்றேன், அர்த்தநாரி மேல. அக்கா வர்றா, வந்துட்டே இருக்கறான்னு மாமன் ஒவ்வொரு போன்லயும் சொல்றான், நம்பி வெச்சிருக்கோணுமா இல்லையா? வெச்சிருந்தாங்களாம். மத்தியானமே எடுக்க வேண்டியதை எங்களுக்காகப் பொழுது எறங்கற மட்டும் வெச்சிருந்தாங்களாம். பெரியவங்க எல்லாம் சத்தம் போட்டும் அவன் தூக்க விடலையாம். அப்படித்தான் சொல்றான். இன்னும் சித்தெ வெச்சிருந்தா என்ன கொறஞ்சு போயிருக்கும்? நான் கேக்கறது அதுதான்.

மறுநாளு சாம்பல் எடுக்கறப்ப நான் இல்லைன்னு அவங்களுக்கு இன்னொரு கொறை. வண்டிய காங்கயம் ரோட்டுல விட்டுட்டு வந்திருக்கறேன், கண்ணாடிய ஒடைச்சுட்டான்னா யாரு பொறுப்பு? அதுக்குப் போனேன். கருமாதிக்குப் பஸ்ஸுலதான் போனேன், தெரியுங்களா? நானு, பஸ்ஸுல. அவ அதைக் கண்டுக்கவே இல்லை. காரியம் முடிஞ்சு "கெளம்பு புள்ளெ"ன்னேன். அப்பத்தான், மொதல்ல சொன்னனே, அந்த வார்த்தையச் சொன்னா. சொல்லிட்டு உள்ள போயிட்டா.

அதுக்கப்பறம் நான் சும்மா இருந்தேன்னு நெனைக்காதீங்க. வெளிநாட்டுல இருந்து புது பம்பு வரவெச்சேன். நாலு காத்துப் பையும் புதுசு. மாட்டி முடிச்சு, எந்திரிச்சு நின்னதும், மொதல்ல அவளுக்குத்தான் போன் பண்ணுனேன். "சம்பூரணம், இனிமே உக்காராது, அன்னிக்கு ஆன மாதிரி ஆகவே ஆகாது"ன்னு சொன்னேன். சந்தோசப்படுவான்னு நெனச்சேன். வெச்சுட்டா.

வீட்டைப் பாருங்க தம்பி. அந்தத் துணிக்கொடியப் பாருங்க. மெஸ்ஸுல இருந்து பார்சல் வாங்கித் திங்கறேன். மாட்டுக்குப் பக்கத்துத் தோட்டத்துக்காரர் சம்சாரம் வந்து பால் பீச்சுது, நான் போனா மாடு கால்ல எத்துது. பொழுது எறங்குனா வீட்டுக்குள்ள போகப் புடிக்கமாட்டேங்குது. வெளியவே உக்காந்திருக்கறேன். பேச ஆளில்லை. நீங்க வந்ததுல இருந்து நான் வாயை மூடலை, கவனிச்சீங்களா? எனக்குப் பயமா இருக்குதுங்க. அவ இல்லாம எப்படி இருக்கறதுன்னு எனக்குத் தெரியலை. நெசமாத் தெரியலை.

சரி வாங்க, எழுப்பிக் காட்டறேன். இப்படி வந்து நில்லுங்க. சாவி போட்டாச்சு. சத்தம் கேக்குதுங்களா, அதுதான் பம்பு. பின்னால பாருங்க. முன்னால பாருங்க. எந்திரிக்குதா? எப்படி நிக்குது பாருங்க. இதை விக்கறதுக்கு யாருக்காச்சும் மனசு வருங்களா?

என்னங்க? எடுத்துக்கறீங்களா? நான் சொன்ன கிரயத்துக்கேவா? ஓ. அதுக்குள்ளயா? இன்னும் நீங்க உள்ள மரத்தைக்கூடத் தட்டிப் பாக்கலையே. ஓட்டிப் பாக்கலையே. லாரியவே வரச் சொல்லிட்டீங்களா? ஏத்திட்டுப் போறதுக்கு? சரி. சரிங்க. நல்லது.

ஸ்பிரிங் போடமாட்டீங்களே? கேட்டு வெச்சுக்கறேன். போடுவீங்களா? ஓட்டறதுக்கு அதுதான் நல்லதுன்னா சொல்றீங்க?

இல்லீங்க தம்பி, உக்காருங்க. சித்தெ உக்காருங்க. போன்ல லாரிக்காரனைக் கொஞ்சம் நிக்கச் சொல்லுங்க. நான் ஒண்ணு சொல்றேன், தப்பா நெனைக்கக் கூடாது. இந்த வண்டி ஒருக்காவாச்சும் ஊதியூருத் தோட்டத்து வாசல்ல போய் நிக்கோணும். நின்னு குனியோணும். அது நடக்காம இது ஸ்பிரிங்கை மாட்டிக்கிட்டு கோயமுத்தூருக்குப் போயிருச்சுன்னா, அன்னிக்கு நடந்தது பூராவும் எந் தப்புன்னு ஆயிருமுங்க. அப்படித்தான ஆகும்? வண்டி நல்ல வண்டி, அன்னிக்கு மட்டும் நேரம் சரியில்லைன்னு காட்டோணுமல்ல? யாருக்குக் காட்டறதுன்னு கேக்காதீங்க. காட்டோணும்.

அதனால நான் ஒரு வழி நெனச்சு வெச்சிருக்கறேன். உங்களை வரச் சொன்னதே அதுக்காகன்னுகூட வெச்சுக்கலாம். வண்டிய நான் ஓட்டிட்டுப் போய் ரிக் ஷெட்டுல விட்டுர்றேன். தார்ப்பாய் போட்டு மூடிரலாம். அவ ஷெட்டுப் பக்கம் வர்றதில்லை, ஆயில் நாத்தம் அவளுக்கு ஆகாது. வாசல் காலியாயிரும். அர்த்தநாரி வர்றப்ப நீங்க இங்க நின்னு, "வண்டிய நான் வாங்கிட்டேன், போயிருச்சு"ன்னு ஒரு வார்த்தை சொல்லோணும். நான் சொன்னா நம்ப மாட்டான். வந்துட்டோம் வந்துட்டோம்னு சொன்ன வாயல்ல இது. நீங்க வெளியூரு, படிச்சவரு, உங்களை நம்புவான். உங்களுக்கு அலைச்சல்தான். நான் மறக்கமாட்டேன், உசுரு இருக்கற வரைக்கும் மறக்கமாட்டேன்.

போகாதீங்க தம்பி. உங்க காலைப் புடிக்கறேன். அர்த்தநாரிகிட்டச் சொல்ல வேண்டாம், போகட்டும். அவகிட்ட மட்டும் சொல்லுங்க. போன்லதான, மூஞ்சியப் பாக்க வேண்டியதில்லை. இருங்க, நானே போட்டுத் தர்றேன். என் நம்பரைப் பாத்தா எடுக்கமாட்டா, உங்க போனைக் குடுங்க. அடிக்குது. இந்தாங்க. சம்பூரணம்னு கூப்பிடாதீங்க, அக்கான்னு கூப்பிடுங்க. வண்டி வாங்க வந்தவன்னு சொல்லுங்க. ஆங், அப்படித்தான். வண்டி போயிருச்சுன்னு சொல்லுங்க. சொல்லிட்டீங்களா?

என்ன சொல்றா? எங்கிட்டக் குடுக்க வேண்டாம், நீங்களே பேசுங்க. என்ன கேக்கறா?

வெச்சுட்டாளா? என்ன கேட்டா, சொல்லுங்க.

"எங்கப்பனைப் பத்தி உங்ககிட்ட ஏதாச்சும் சொன்னாரா"ன்னா?

அதுக்கு நீங்க என்ன சொன்னீங்க? ஒண்ணும் சொல்லலையா? நான்தான் அவரு நல்ல சாவு செத்தாருன்னு சொன்னனே. பொயலை வாங்கறேன்னு கேலி பண்ணுனதைச் சொன்னனே. வேற அவரைப் பத்தி என்ன இருக்குது சொல்றதுக்கு? அதை விடுங்க. வண்டி போனதுக்கு என்ன சொன்னா? அதைப் பத்தி ஒண்ணுமே கேக்கலையா?

நீங்க சரியாச் சொல்லியிருக்கமாட்டீங்க தம்பி. அவ காதுல விழுந்திருக்காது. மறுக்கா போடுங்க. வண்டி போயிருச்சுன்னு சத்தமாச் சொல்லுங்க.